வேண்டாத நினைவு: அழிப்பதா, அடக்குவதா, ஆற்றுவதா?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதுவரை குரங்கைப் பற்றிய எண்ணமே இல்லாதிருந்த நோயாளிக்கு, மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவுடன் குரங்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நினைவை வேண்டுமென்றே அழித்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் அந்த நோயாளியின் நிலையில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கு அது நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்து. மற்றொருவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த தாயின் கடைசி இரவு. இன்னொருவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் பட்ட அவமானம். மூவர் கேட்பதும் ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் மூவருக்கும் ஒரே வழி பொருந்தாது. இன்று மனிதர்களுக்குக் கிடைக்கக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது யாருக்கு ஏற்றது, எதற்கு என்ன விலை என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது, எது போக வேண்டும் என்பதாகும். ஒரு நிகழ்ச்சியின் நினைவு மூளையில் ஒரே இடத்தில் ஒரே பொருளாகக் கிடப்பதில்லை. எந்த நாள், எந்த இடம், யார் உடனிருந்தார்கள், என்ன நடந்தது என்ற விவரங்களைக் கோத்து வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்ட அச்சத்தையும் உடற்பதற்றத்தையும் பதிய வைப்பதில் அமிக்டலா என்ற பகுதி முன்னிற்கிறது. முதலாவதை விவரம் என்றும் இரண்டாவதைச் சூடு என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன். நினைவே போய்விட வேண்டும் என்று சொல்பவர்களிடம் சற்று நேரம் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் போக வேண்டும் என்று விரும்புவது சூடுதான் என்பது தெரியவரும். தாயின் கடைசி இரவை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்பவர், தாய் எப்படி இறந்தார் என்பதே தனக்குத் தெரியாமல் போவதை விரும்பமாட்டார்.

அடுத்து, சான்று யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எலியிடம் வெற்றி பெற்றது மனிதரிடம் வெற்றி பெறும் என்பதற்கு உறுதி இல்லை. மூன்றாவதாக, நினைவின் வயது முக்கியமானது. நடந்து ஆறு மணி நேரமே ஆன நினைவுக்கு இருக்கும் வழி ஆறு ஆண்டு ஆனதற்கு இருப்பதில்லை. நான்காவது, போக வேண்டியதோடு சேர்ந்து வேறு என்ன போகிறது என்பது. கடைசியாக, அந்த வழிக்கு யார் துணை தேவை, எத்தனை வாரம் ஆகும், கைக்கு எட்டுமா என்பது. இவற்றில் முதலாவதற்கும் நான்காவதற்கும் நான் கூடுதல் எடை தருகிறேன். மற்ற மூன்றும் ஓரளவு விசாரித்தால் தெரிந்துவிடுபவை.

நினையாதிருக்கப் பழகுதல்

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். இதைப் பற்றி ஆய்வாளர்களிடையே நேர் எதிரான இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டும் உண்மை என்பதுதான் இதில் சுவையான செய்தி.

1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடனிருந்தவர்களும் மாணவர்களை அறையில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி ஓயவில்லை. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. பிறகு கரடியைத் தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கே கரடி அதிகம் வந்தது. நம்முடைய குரங்கு அங்கே கரடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

2001இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆன்டர்சனும் காலின் கிரீனும் வேறு விதமாகச் சோதித்தார்கள். இரண்டிரண்டாகச் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்து, பிறகு ஒரு சொல்லை மட்டும் திரையில் காட்டி, அதன் இணைச் சொல் மனத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கச் சொன்னார்கள். ஒரே சொல்லுக்குப் பதினாறு முறை வரை இப்படித் தடுத்தவர்களால், பின்னர் அந்த இணைச் சொல்லை நினைவுக்குக் கொண்டுவர முயன்றபோதும் முடியாத சந்தர்ப்பங்கள் கூடின. வேறொரு குறிப்பைக் கொடுத்துக் கேட்டபோதும் அந்த மறதி இருந்தது. 2004இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, தடுக்கும் நேரத்தில் முன்மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதி வேலை செய்வதும் ஹிப்போகேம்பஸ் தணிவதும் தெரிந்தன. விளைவு பெரியதன்று; அதே சோதனையைச் செய்த சில ஆய்வகங்களுக்கு அது கிடைக்கவும் இல்லை. ஆனாலும் அடக்கினால் பீறிடும் என்ற பொது விதியை இது அசைத்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படுகிறது. கரடிச் சோதனையில் இருந்தவர், கரடி வருகிறதா என்று தானே காவல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காவலே கரடியை அழைத்து வந்தது. சொற் சோதனையில் இருந்தவர், நினைவூட்டும் பொருளை நேராகப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் வருவதை வாசலில் நிறுத்தினார். விபத்து நடந்த வளைவைத் தவிர்க்க நாள்தோறும் சுற்றுப் பாதையில் போகிறவர் முதல் வகை. அந்த வளைவைக் கண் திறந்து பார்த்தபடி கடந்து, மனத்தில் ஓடத் தொடங்கும் காட்சியை முதல் நொடியிலேயே நிறுத்திப் பழகுகிறவர் இரண்டாம் வகை. அடக்குவதென்று முடிவு செய்தால் இரண்டாம் வகையாக அடக்க வேண்டும். அல்லது அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம். வெக்னரின் அதே ஆய்வில், கரடி வந்தால் சிவப்பு ஃபோக்ஸ்வேகன் காரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பின்விளைவு குறைந்தது.

2023இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆன்டர்சனும் ஜுல்காய்தா மாமத்தும் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேரை மூன்று நாள் இப்படிப் பயிற்றுவித்தார்கள். அடக்கப்பட்ட அச்சங்களின் தெளிவும் தாக்கமும் குறைந்தன, மனநிலை மோசமாகவில்லை. ஆனால் அவர்கள் அடக்கியது பெரும்பாலும் இனி நடந்துவிடுமோ என்று அஞ்சிய காட்சிகளை. நடந்து முடிந்தவற்றை அன்று. இதை வைத்துக்கொண்டு பழைய காயம் மூன்றே நாளில் போகும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பத் தேவையில்லை.

மறைவான செலவுகள் இரண்டு. அடக்கும் செயல் ஹிப்போகேம்பஸைப் பொதுவாகவே தணிப்பதால், அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் நடந்த தொடர்பில்லாத செய்திகளும் சரியாகப் பதியாமல் போகின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நாள் முழுவதும் ஒன்றை அடக்கிக்கொண்டிருப்பவர், வீட்டில் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை என்று திட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். மற்றது, இந்தத் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் நடந்த தாக்குதல்களிலிருந்து தப்பியவர்களை ஆராய்ந்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு ஆளானவர்களிடம் இந்தத் தடுப்பு ஆற்றல் குலைந்திருந்ததும், ஆளாகாதவர்களிடம் அது காப்பாற்றப்பட்டிருந்ததும் தெரிந்தன. மிகத் தேவைப்படுகிறவருக்கே இந்தக் கருவி கையில் நிற்பதில்லை என்பது இதன் பெரிய குறை. சிறு அவமானங்கள், முறிந்துபோன காதல், நேர்முகத் தேர்வில் உளறியது போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

மருந்தின் துணையோடு திருத்துதல்

ஒருமுறை உறுதியாகப் பதிந்த நினைவு கல்வெட்டுப் போல மாறாது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் செய்த சோதனை அந்த எண்ணத்தைக் கலைத்தது. ஓசையைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று கற்ற எலிக்கு அந்த ஓசையை மறுபடி கேட்கவிட்டு, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தியபோது அச்சம் போய்விட்டது. ஓசையைக் கேட்கவிடாமல் மருந்தை மட்டும் செலுத்தினால் எதுவும் ஆகவில்லை. ஆறு மணி நேரம் கழித்துச் செலுத்தினாலும் பயனில்லை. அதாவது, நினைவுகூரப்படும் நினைவு சில மணி நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது. அந்த இடைவெளியில் கை வைக்கலாம்.

அந்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் ப்ரொப்ரனலாலை எடுத்துக்கொண்டார்கள். இரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் பல ஆண்டுகளாக எழுதித் தரப்படும், விலை குறைந்த மாத்திரை அது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மெரல் கின்ட் குழுவினர், சிலந்திப் படத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கற்பிக்கப்பட்டவர்களுக்கு 40 மில்லிகிராம் கொடுத்து அந்த நினைவைத் தூண்டினார்கள். மறுநாள் படத்தைக் கண்டபோது உடல் திடுக்கிடவில்லை. ஆனால் இந்தப் படம் வந்தால் மின்னதிர்ச்சி வரும் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. விவரம் நின்று சூடு மட்டும் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மொன்ட்ரியாலில் அலென் ப்ருனே இதைச் சிகிச்சையாக்கினார். நெடுநாள் உளைச்சலில் இருந்த 60 பேர், வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம், மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் தமக்கு நேர்ந்ததைத் தாமே எழுதி வாய்விட்டு வாசித்தார்கள். 2018இல் வெளியான முடிவில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆயினும் பிற ஆய்வகங்களில் இதே அடிப்படையில் நடந்த சோதனைகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் மருந்துக்குத் தனிப்பயன் தெரியவில்லை. நினைவு எப்போது இளகும், எப்போது இளகாது என்பது இன்னும் யார் கையிலும் பிடிபடவில்லை என்பதே இதற்கு நான் கருதும் காரணம்.

மாத்திரை மலிவு என்பதாலேயே இதில் ஓர் ஆபத்து உண்டு. மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்து பழையதை நினைத்து அழுதால் அது சிகிச்சையாகிவிடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக்குழலை இறுக்கும். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கும் ஆகாது. இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். இந்த வழியை அறிந்த மனநல மருத்துவர் கிடைத்து, அச்சம் ஒரே நிகழ்ச்சியைச் சுற்றி இருந்து, அடுத்துச் சொல்லப்போகும் சிகிச்சையைத் தாங்க முடியாது என்னும் நிலையில் இருப்பவர், மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சிகிச்சையாளரோடு நினைவுக்குள் சென்று வருதல்

இதை விரும்பிக் கேட்பவர் குறைவு. சான்று அதிகம் இருப்பது இதற்குத்தான். பென்சில்வேனியாவில் எட்னா ஃபோவா வளர்த்தெடுத்த முறையில், எட்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், நோயாளி நடந்ததை நிகழ்காலத்தில் விவரித்து, தவிர்த்து வந்த இடங்களுக்கும் பொருள்களுக்கும் படிப்படியாகத் திரும்புகிறார். பிரான்சின் ஷாபிரோ 1989இல் வெளியிட்ட முறையில், நினைவை மனத்தில் பிடித்துக்கொண்டே கண்களை இடமும் வலமும் அசைக்கிறார். 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் இந்தக் கண்ணசைவுச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. ஃபோவாவின் முறை முன்னதன் வகையைச் சேர்ந்தது.

இங்கே எதுவும் அழிவதில்லை. பழைய அச்சத்தின் மேல், இப்போது ஆபத்து இல்லை என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஓசை கேட்டாலே உமிழ்நீர் சுரக்கப் பழக்கப்பட்ட பாவ்லோவின் நாய்களிடமே காணப்பட்டதுபோல, மறைந்துவிட்ட பழக்கம் நாள் கடந்து தானாகவே தலைகாட்டலாம். சிகிச்சை அறையில் தணிந்த அச்சம் வேறோர் ஊரில், வேறோர் இரவில் திரும்பி வரலாம். அப்படி வந்தால் சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை. இரண்டு மூன்று அமர்வுகளுக்குத் திரும்பிச் சென்றால் போதுமானதாக இருப்பதுண்டு. ஆனால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பாதியில் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள்.

மற்ற செலவுகள் வெளிப்படையானவை. முதல் சில வாரங்களில் கனவுகளும் எரிச்சலும் கூடலாம். வாரத்தில் அரை நாள் விடுப்பு வேண்டும்; எங்கே போகிறாய் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்பவர்களுக்குப் பதில் வேண்டும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் பெருநகரங்களில்தான் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமின்றித் தொடங்கலாம். எங்கே போவதென்று தெரியாதவர் இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நிகழ்ச்சி நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் காட்சி தானாக வந்து வாட்டினால், தூக்கம் கெட்டால், வேலைக்குப் போக முடியாமல் ஆனால், நான் முதலில் சொல்லும் வழி இதுவே.

எழுதிப் பார்த்தல்

1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை மிகவும் பாதித்ததை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கணத்தில் அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள். பலன் மிதமானதுதான். எழுதியதைக் கொளுத்தினால் நினைவும் எரிந்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடலாம். எதையும் மறக்க இயலாத ஷெரெஷெவ்ஸ்கி என்ற ரஷ்யர் தாம் மறக்க விரும்பிய எண்களை எழுதிக் கொளுத்திப் பார்த்தும், கருகிய தாளில் அவை தெரிந்தனவாம். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் லூரியா அதைப் பதிவு செய்திருக்கிறார். நம் வீடுகளில் இதற்கு இருக்கும் உண்மையான செலவு, அந்த நோட்டுப் புத்தகம் யார் கையில் கிடைக்கும் என்பதே. பூட்டி வைக்க இடமில்லாதவர் எழுதிய அன்றே கிழித்துவிடலாம். பயன் எழுதுவதில் இருக்கிறது, வைத்திருப்பதில் இல்லை.

முதல் ஆறு மணி நேரத்தில் மறித்தல்

இது மிகக் குறுகிய வாசல். ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விபத்தில் சிக்கி வந்த 71 பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான சோதனையில், அவர்களில் ஒரு குழுவினருக்கு ஆறு மணி நேரத்துக்குள் விபத்தைச் சற்று நினைவுபடுத்திவிட்டு, இருபது நிமிடம் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் குழுவினருக்குத் தானாக வந்த விபத்துக் காட்சிகள் மற்றவர்களைவிட 62 விழுக்காடு குறைவு. கட்டைகளைத் திருப்பி அடுக்கும்போது மனத்தின் காட்சித் தளம் நிரம்பிவிடுவதால், விபத்தின் காட்சி அழுத்தமாகப் பதிய இடமில்லை என்பது விளக்கம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவினருக்கும் வேறுபாடு தெளிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செலவில்லை, தீங்கில்லை, தலையில் அடிபடாமல் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் கட்டை அடுக்குவதை யாரும் பொறுப்பின்மை என்று கடிந்துகொள்ள வேண்டாம்.

மதுவும் தூக்க மாத்திரையும்

இதை ஒரு வழியாகப் பலர் எடுத்துக்கொள்வதால் மட்டுமே இங்கே சேர்க்கிறேன். குடித்த பின் நடப்பவை பதியாமல் போகலாம். குடிப்பதற்கு முன் பதிந்தது அப்படியே இருக்கும். அதாவது வேண்டாதது நிற்கிறது, அதன் பிறகு வந்த நாள்கள் போகின்றன. தூக்கத்துக்காகத் தரப்படும் பென்சோடையசபைன் வகை மாத்திரைகளை, அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில் அந்த அறிகுறிகளுக்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பரிவோடு நீட்டும் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

விவரத்தையே அழித்தல்

மனிதரிடம் இதற்கு மிக அருகில் சென்ற சோதனை நெதர்லாந்தில் நடந்து 2014இல் வெளியானது. மனச்சோர்வுக்காக மின்னதிர்வுச் சிகிச்சை பெறவிருந்தவர்களுக்கு இரண்டு கதைகளைக் கற்பித்து, சிகிச்சைக்குச் சற்று முன் ஒன்றை மட்டும் நினைவுபடுத்தினார்கள். மறுநாள் அந்தக் கதை மட்டும் பெரிதும் மறந்திருந்தது. அது கற்பித்த கதை, பட்ட காயமன்று. மேலும் இந்தச் சிகிச்சை கடும் மனச்சோர்வுக்கு உரியது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி இதைக் கொடுப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நினைவை அழிப்பதற்காக இதைக் கேட்டுச் செல்வதில் பொருளில்லை.

எலியின் இட நினைவை ஒரே ஊசியில் துடைத்ததாக 2006இல் பரபரப்பாகப் பேசப்பட்ட ஜிப் என்ற பொருள், எந்தப் புரதத்தைத் தடுத்து அப்படிச் செய்கிறது என்று கருதப்பட்டதோ, அந்தப் புரதமே இல்லாத எலிகளிடமும் அதே விளைவைக் காட்டியதாக 2013இல் தெரியவந்தது. அறுவைச் சிகிச்சையால் நினைவாற்றலை இழந்தவர் ஹென்றி மொலெய்சன். 1953இல் வலிப்புக்காக அவருடைய இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் கணிசமான பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் 2008இல் இறக்கும் வரை, சந்தித்தவர் அறையை விட்டுப் போய்த் திரும்பினால் புதியவராகவே அவருக்குத் தெரிந்தார். விவரத்தைக் கோக்கும் உறுப்பைத் தொட்டால், எந்த விவரம் என்று அது தேர்ந்து விடுவதில்லை.

மூவரும் என்ன செய்யலாம்

வகுப்பறை அவமானத்தைச் சுமப்பவருக்கு எழுதுவதையும், நினைவூட்டும் முகத்தை நேரில் பார்த்துக்கொண்டே காட்சியை நிறுத்தும் பயிற்சியையும் சொல்வேன். இரண்டு மாதத்தில் மாற்றமில்லையென்றால் சிகிச்சையாளரிடம் போகலாம். தாயின் கடைசி இரவைப் பார்த்தவர் அடக்கும் பயிற்சியைத் தொடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. அந்த இரவோடு கட்டுண்ட மற்ற நினைவுகளில் அவர் இழக்க விரும்பாதவை நிறைய இருக்கும். பேசி ஆற்றும் வழியில் அவை பத்திரமாக நிற்கும்.

விபத்தில் சிக்கியவருக்குச் சிகிச்சையாளரே முதல் தேர்வு. ஆனால் அவருக்கு மட்டும் ஒன்று கூடுதலாக உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம்; எதிரே வந்த வண்டி எந்தப் பக்கம் ஏறி வந்தது, விளக்கு எரிந்ததா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். எந்த வழியைத் தொடங்குவதானாலும், அதற்கு முன்பே நடந்ததை நேரத்தோடும் இடத்தோடும் வரிசையாக எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, தம் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும். சிகிச்சையாளரிடமும் வழக்கு இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.